தலைக்கணக்கும் பாடவேளைக் கணக்கும்

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 112 பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைமையாசிரியர் நீங்கலாக ஐந்து ஆசிரியர்கள். 22 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது பல தனியார் பள்ளிகளில்கூடக் கிடைக்காத வசதி. இதற்குப் பிறகும் ஆள் போதவில்லை என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: 112ஐ ஐந்தால் வகுத்துவிட்டீர்கள். அந்த ஐவரும் எந்தெந்தப் பாடத்துக்கு என்று பார்த்தீர்களா? ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒருவர். உங்கள் ஊர்க் கணித ஆசிரியருக்கு மாணவர்கள் 22 பேர் அல்லர், 112 பேர். நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு 40. ஒரு வகுப்புக்கு வாரம் ஏழு கணிதப் பாடவேளை என்றால் ஐந்து வகுப்புக்கு 35. மிச்சமிருக்கும் ஐந்தில்தான் அவர் 112 நோட்டுகளைத் திருத்த வேண்டும். வகுத்தல் தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருவதும் அதற்குள்தான்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். ஐந்து வகுப்புகளுக்கு வாரம் 200 பாடவேளை. ஐந்து ஆசிரியர்களும் மூச்சுவிடாமல் நின்றாலும் 200தான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வகுப்பறை ஆளில்லாமல் கிடக்கும். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள். கணித ஆசிரியை ஒருவர் அதை எடுத்தால் அது அவருடைய உரிமை, அதில் ஒரு நாளைக்கூட யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் அந்த 12 மாதத்துக்கும் பதில் ஆள் போடாவிட்டால், பள்ளி முழுவதும் ஒரு கல்வியாண்டு கணிதம் இல்லாமல் போகிறது. விகிதம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதோடு, அறிவியல்-கணிதத்துக்கும் சமூக அறிவியலுக்கும் மொழிக்கும் தனித்தனியே ஆள் வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. ஐந்து பேர் கொண்ட பள்ளியில் ஓர் இடம் காலியானாலே அது இருபது விழுக்காடு. ஆனால் இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்புக்கு அதன் காவல் இல்லை. இங்கே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார், பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். வாரம் 35 பாடவேளை எடுப்பவரை உபரி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் கணக்கில் வராத இன்னொரு பற்றாக்குறை உண்டு. சில மாதங்களுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் அறையில் இளநிலை உதவியாளரின் மேசை மேல் பழைய வருகைப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சம்பளப் பட்டியல், உதவித்தொகை விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் தலைமையாசிரியர் தலையில். அறிவியல் ஆசிரியை ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் பாதிப் படம் வரைந்திருந்தார். அன்று மாலைக்குள் எமிஸ் என்னும் பள்ளிக்கல்வித் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் பாக்கி என்று ஆள் வந்து அழைத்தது. அவர் கைபேசியோடு வராந்தாவுக்குப் போனார், சிக்னல் அங்கேதான் கிடைக்குமாம். பிள்ளைகள் அந்தப் பாதிப் படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது ஒரு பத்தாம் வகுப்பு மாணவன். ஆய்வக அலமாரியின் பூட்டில் துரு ஏறியிருந்தது. அந்தப் பையனின் அறிவியல் தேர்வில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. ஆய்வக உதவியாளர் இல்லாமல், நான்கு வகுப்புகளை வேறு பார்த்துக்கொண்டு, அந்த ஆசிரியை எப்போது அவனுக்குச் செய்முறை காட்டுவார்?

இளநிலை உதவியாளரை, ஆய்வக உதவியாளரை, துப்புரவுப் பணியாளரை, இரவுக் காவலரை அலுவலகச் செலவாகப் பார்ப்பது தவறு. அந்த இடங்கள் காலியாக இருக்கும்போது அந்த வேலைகள் காணாமல் போவதில்லை. பாடம் நடத்தும் நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன.

தற்காலிக ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு முடிவு செய்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்றார்கள். ஓவியம், உடற்கல்வி, தையலுக்கு 2012 முதல் பகுதிநேர ஆசிரியர்கள், தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கு. அந்தப் பணத்துக்கும் மனம் ஒன்றிப் பாடம் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாதவரிடம் ஒரு பள்ளியின் கணிதத்தை ஒப்படைப்பது, அவருக்கும் நியாயம் இல்லை, பிள்ளைக்கும் நியாயம் இல்லை.

உங்கள் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். ஆகஸ்ட் 1க்கு முன் நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, கணித ஆசிரியரின் பெயர் எத்தனை கட்டங்களில் இருக்கிறது என்று எண்ணுங்கள். அவர் நீண்ட விடுப்பில் போனால் அந்தக் கட்டங்களில் யார் பெயரை எழுதுவார்கள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் எந்த நாற்காலி எத்தனை மாதமாகக் காலி என்றும் கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டு வாருங்கள்.