தேதி முடிந்த விதையைப் போடலாமா?

கேள்வி: வேளச்சேரியில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு, மூன்று வருடமாக மிச்சமான விதை பாக்கெட்டுகள் சமையலறைப் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. வெண்டை, தக்காளி, மிளகாய், வெங்காயம், பாகல், தண்டுக்கீரை, அப்புறம் ஊரில் அத்தை கொடுத்த சுரை விதை. கடையில் வாங்கியதெல்லாம் தேதி முடிந்துவிட்டது. ஆடிப்பட்டத்துக்குப் போடலாமா, புதிதாக வாங்கட்டுமா?

பதில்: டின்னை அப்படியே குப்பையில் கொட்டிவிடாதீர்கள் அம்மா. பாக்கெட்டில் உள்ள தேதி விதை சாகும் நாள் இல்லை. முளைப்புத் திறனைச் சோதித்த நாளிலிருந்து பொதுவாக 9 மாதத்துக்குச் செல்லுபடி போடுவார்கள். அதற்குப் பிறகு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தேதியைப் பற்றி இல்லை, உங்கள் பரணைப் பற்றித்தான். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்பது ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி சொன்ன தோராயக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சென்னையில் மே மாத வெக்கை, அது முடிந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பே கசிகிற ஈரக்காற்று, போதாததற்கு கீழே குக்கர் ஆவி. காகித பாக்கெட் இதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். உலர்வாக, குளிர்ச்சியாக வைத்தால் வெங்காய விதை ஒரு வருடம், வெண்டையும் மிளகாயும் இரண்டு வருடம், தக்காளி, கத்தரி, பூசணி வகைகள் நான்கு வருடம் வரை தாங்கும். பரணில் இருந்ததற்குப் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. ஆகவே வெங்காயத்தை மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மற்றதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் விதை அழுகிவிடும், நீங்கள் விதை மேல் பழி போடுவீர்கள். அதில் 20 வெண்டை விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வாயை இறுக்கிக் கட்டாமல் நிழலில் வையுங்கள். துணி காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். வெண்டை ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், தக்காளிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு அதைத்தான் நிறையப் பேர் கொட்டிவிடுகிறார்கள்.

விற்கிற விதைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச முளைப்பு வெண்டைக்கு 65 சதவீதம், தக்காளிக்கு 70, மிளகாய்க்கு 60. அதாவது 20 வெண்டையில் 13 முளைத்தால் கடை விதைக்குச் சமம், வழக்கம்போல் போடுங்கள். பத்து முளைத்தால் செடி வளர்க்கும் பைக்கு மூன்று விதையாக ஊன்றி, நன்றாக வந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐந்து, ஆறுதான் என்றால் புதிது வாங்குவதே மேல், ஏனென்றால் எண்ணிக்கையோடு வீரியமும் போயிருக்கும். வேர் நுனி பழுப்பு நிறத்தில் இருப்பதும், மற்றவை முளைத்து நாலு நாள் கழித்து எட்டிப் பார்ப்பதும் அதற்கு அடையாளம். அப்படி வரும் செடி, நம் வெயிலில் முதல் வாரத்திலேயே படுத்துவிடும். துணியில் நன்றாக முளைத்ததை வீணாக்க வேண்டாம், வேர் ஒடியாமல் எடுத்துப் பையில் வைத்துவிடலாம்.

பாக்கெட்டில் பத்துப் பதினைந்து விதைதான் இருக்கிறதா? சோதனையே வேண்டாம், எல்லாவற்றையும் நாற்று விடும் குழித்தட்டில் போட்டுவிடுங்கள். தண்டுக்கீரையைக் கொஞ்சம் அடர்த்தியாகத் தூவினால் போதும்.

சுரையும் பாகலும் ஓடு கெட்டியானவை, முளைக்கத் தாமதமாகும். உள்ளே பருப்பில் படாமல் ஓட்டின் ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கீறி, ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றுங்கள். அத்தை விதையில் எனக்கு நம்பிக்கை அதிகம். நாட்டு ரகமாக இருந்தால் காய்க்கிற கொடியில் ஒன்றை முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பின ரகத்தில் அப்படி எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது.

எடுத்த விதையைக் கொதிக்கிற தளத்தில் போடாமல் காலை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்துங்கள். பூசணி விதையை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்ததும் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வறுத்து ஆறிய அரிசியை ஒரு துணி முடிச்சில் கட்டி உள்ளே வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தால் பாட்டில் சில்லென்று இருக்கும்போதே திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் திறங்கள்.

மா, பலா, கறிவேப்பிலை விதைகளுக்கு இது எதுவும் பொருந்தாது. அவை காய்ந்தால் செத்துவிடும்; பழம் தின்ற கையோடு ஊன்றிவிட வேண்டும்.