ஏஜென்ட் சொல்லும் ‘அடுத்த ஆண்டு நிறத்தை’ நம்பித் துணிக்குச் சாயம் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் குழந்தைகள் பனியன் ஆடை தைத்து ஏற்றுமதி செய்கிறோம். சமுதாய மாற்றத்தை வைத்துக் கணித்த அடுத்த ஆண்டுக்கான நிறப் பட்டியலின் நகல் தன்னிடம் இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அதை விலைக்கு வாங்கி, இப்போதே துணிக்குச் சாயம் போட்டு வைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். துணியைச் சாயம் போடாத கிரே துணியாகவே வைத்திருங்கள்.

நிற முன்கணிப்பு பொய்யல்ல. 1963-இல் தொடங்கிய இன்டர்கலர் போன்ற அமைப்புகளில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நிறங்களைப் பேசி முடிவுசெய்கிறார்கள். நூல், சாயம், துணி, கடை என எல்லோரும் அதையொட்டித் தயாராவதால் அந்த நிறங்களே சந்தைக்கு வருகின்றன. ஆனால் எந்த ஷேடு (நிறச் சாயல்) வேண்டும் என்று எண்ணோடு சொல்லப்போவது உங்கள் பையர், அதாவது ஆடையை வாங்கும் நிறுவனம். நீங்கள் ஏன் பணம் கொடுத்து ஊகிக்க வேண்டும்? நிறங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் பான்டோன் நிறுவனம் 2025-க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பை அறிவித்தது. அது ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு, ஆர்டர் அல்ல.

சமுதாய மாற்றம் நிறத்தை மாற்றுவதும் உண்மையே. 1918-இல் அமெரிக்க வணிக இதழ் ஒன்று ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பும் பெண் குழந்தைக்கு நீலமும் பொருத்தம் என்று எழுதியது. அது தலைகீழாக மாறி நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. இத்தகைய மாற்றம் எந்த சீசனில் கடைக்கு வரும் என்று எந்த ஏஜென்டாலும் சொல்ல முடியாது.

நகல் என்றாலே எச்சரிக்கையாக இருங்கள். ஜெராக்ஸ் தாளிலோ செல்போனிலோ தெரியும் நிறம் பருத்தியில் வராது. பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் கடையின் டியூப்லைட்டில் வேறாகத் தெரியலாம். பலவகை வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்காத ஷேடை நம்பவே கூடாது. இந்தத் தரகர்களிடம் லைட் பாக்ஸ் எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: உள்நாட்டுச் சந்தைக்கான பச்சிளங்குழந்தை ஆடை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பிரசவத்துக்கு முன்பே வாங்கிவைப்பவர்கள் இருபாலுக்கும் பொருந்துகிற வெள்ளை, இளமஞ்சள், வெளிர்பச்சையைத்தான் நாடுவார்கள். எந்த முன்கணிப்புப் பட்டியலும் இதற்குத் தேவையில்லை. இந்த ஷேடுகளை மட்டும் சிறு லாட்டாகப் போட்டு வையுங்கள். குழந்தை துணியைச் சப்பும் என்பதால், எச்சிலுக்குச் சாயம் இறங்குகிறதா என்ற சோதனையைச் செய்யாமல் விற்காதீர்கள். மஞ்சள்தானே என்று இதைத் தட்டிக்கழிக்கும் சாயப்பட்டறைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதைவிடக் கோபம், பாதியில் ஷேடை மாற்றும் பையர்கள் மீது. 2011-இல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊரே அறியும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற கட்டுப்பாட்டில், மறுசாயம் என்றால் சுத்திகரிப்புச் செலவும் மறுபடி விழும். அதைச் சுமப்பது பையர் அல்ல, நீங்களும் பட்டறைக்காரரும்தான்.

ஆகவே, ஆர்டருக்குரிய அதே துணியில், அதே ஜி.எஸ்.எம்-இல் (சதுர மீட்டருக்கான கிராம் எடை) லேப் டிப், அதாவது சிறு துண்டில் சோதனைச் சாயம் போட்ட மாதிரி, எடுத்துப் பையருக்கு அனுப்புங்கள். எந்த வெளிச்சத்தில் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். ‘போனில் ஓகே சொல்லிவிட்டார்’ என்று ஏஜென்ட் சொன்னால், மொத்தத் துணியைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்.