பெட்டிக்கடியில் செத்த ஈ இல்லை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் ஒரத்தநாடு பக்கம். தென்னந்தோப்பில் நான்கு வருடமாக ஆறு பெட்டி அடுக்குத்தேனீ வைத்திருக்கிறேன். போன மாசிக் கடைசியில், பூத்து நின்ற பக்கத்து உளுந்து வயலில் வெள்ளை ஈக்கு மருந்து அடித்தார்கள். நான்கே நாளில் மூன்று பெட்டிகளில் கூட்டம் பாதியாகிவிட்டது. ஆனால் பெட்டிக்கடியில் செத்த ஈ ஒன்றுகூட இல்லை. மருந்து என்றால் செத்து விழுந்திருக்கும், இது ஓடிப்போன கூட்டம் என்கிறார் வயல்காரர். மருந்தால் தேனீக்கு ஞாபகம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. நம்பலாமா? தேனீ மூளையை ஆராய்ந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று மாமா கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தாலியத் தேனீக்கு மாறிவிடு என்றும் ஒருவர் சொல்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அடையைத் தூக்கிப் பார்த்தீர்களா? ஓடிப்போகிற கூட்டம் ராணியோடு மொத்தமாகப் போகும், பெட்டி காலியாகக் கிடக்கும். கூட்டம் பிரிந்து போயிருந்தால் அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கும். இரண்டும் இல்லாமல் ராணி, முட்டை, புழு, தேன், இளம் ஈக்கள் எல்லாம் உள்ளே இருந்து, வெளியே போய்வருகிற மூத்த ஈக்கள் மட்டும் குறைந்திருந்தால், அவை போன இடத்திலிருந்து திரும்பவில்லை என்று அர்த்தம். மூன்று பெட்டியிலும் ஒரே வாரத்தில் பாதிப் பாதியாகக் குறைந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வாட்ஸ்அப் செய்தியைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். தேனீயின் மூளை ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர், ஒரு எள்ளை விடச் சின்னது. அதற்குள் சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள். இதை வைத்துக்கொண்டுதான் அது சூரியன் இருக்கும் திசையைக் கணக்கிட்டு, வழியில் உள்ள அடையாளங்களை நினைவில் வைத்து, எந்தப் பூ எந்த நேரத்தில் தேன் தரும் என்று தெரிந்துகொண்டு, திரும்பி வந்து அடையின் மேல் ஓர் ஆட்டம் ஆடி மற்ற ஈக்களுக்கும் இடத்தைச் சொல்கிறது. அந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டுக்குள் செங்குத்தாகத் தொங்கும் அடையில் ஈ உடலை ஆட்டிக்கொண்டு ஒரு கோட்டில் நடக்கும். அந்தக் கோடு மேல்நோக்கியிருந்தால் சூரியன் இருக்கும் திசை, சாய்ந்திருந்தால் அந்த அளவுக்குச் சூரியனிலிருந்து விலகிய திசை. எவ்வளவு நேரம் ஆட்டுகிறதோ அவ்வளவு தூரம்.

இதை நீங்கள் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். உங்கள் பக்கம் வேலிச் செடியில் ஒரு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் கொம்புத்தேனீ கூடு கட்டியிருக்குமே, அதன் மேற்பக்கம் தட்டையாக இருக்கும். கொம்புத்தேனீ அங்கேதான் ஆடும். படுக்கைவசமான தளம் என்பதால் சூரியனைச் செங்குத்துக் கோடாக மாற்ற வேண்டிய வேலை இல்லை, பூ இருக்கும் பக்கத்தையே நேராகக் காட்டும். ஃப்ரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து இதைப் பார்த்து எழுதினார். காலை பத்து மணிக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். மாமாவையும் கூப்பிடுங்கள்.

தூரத்தை அது அளக்கிற விதம் இன்னும் ஆச்சரியம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் மண்டயம் ஸ்ரீனிவாசன் தன் குழுவோடு, உள்சுவரெல்லாம் கோலம்போல வடிவங்கள் ஒட்டிய ஒரு குறுகிய குழாய்க்குள் தேனீக்களைப் பறக்கவிட்டார். சில மீட்டர்தான் பறந்தன, ஆனால் கூட்டில் நூறு மீட்டருக்கும் மேல் பறந்துவிட்டதாக ஆடின. சுவர் அவ்வளவு பக்கத்தில் ஓடியதுதான் காரணம். கண்ணுக்கு இருபுறமும் எவ்வளவு காட்சி நகர்ந்தது என்பதே தேனீக்குத் தூரக் கணக்கு.

இனி மருந்துக்கு வருகிறேன். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்புகிற வெள்ளை ஈக்கு நம் பக்கம் அடிப்பது பெரும்பாலும் இமிடாகுளோப்ரிட் அல்லது தயாமீத்தாக்சாம். அடித்தவரிடம் சண்டை போடாமல் டப்பாவில் என்ன பெயர் என்று மட்டும் கேட்டு வையுங்கள். இரண்டும் நியோநிக்கோட்டினாய்டு வகை. செடி உறிஞ்சிக்கொள்ளும், பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கொஞ்சம் வரும். பூச்சிகளின் மூளையில் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோவது முக்கியமாக அசிட்டைல்கோலின் என்ற பொருள். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. தேனீ மூளையில் வாசனையையும் வழியையும் கற்று வைத்துக்கொள்ளும் காளான் வடிவப் பகுதி ஒன்று உண்டு, அது இந்தச் செய்திப் போக்குவரத்தை நம்பியே வேலை செய்கிறது. ஆகவே ஞாபகம் அழிந்துவிடுகிறது என்பதை விட, கற்றதை எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போகிறது என்பது சரியாக இருக்கும்.

2012இல் பிரான்ஸில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய அடையாளச் சில்லுகளை ஒட்டி, கொல்லாத அளவுக்குத் தயாமீத்தாக்சாம் கொடுத்து, கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை தள்ளி விட்டுப் பார்த்தார்கள். மருந்து குடித்தவற்றில் கூடுதலாக ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதம் வரை வீடு வந்து சேரவில்லை, பழகாத இடத்தில் விட்டபோது இழப்பு அதிகம். உங்கள் பெட்டிக்கடியில் செத்த ஈ இல்லாததற்கு இது பொருந்துகிறதல்லவா? அவை உளுந்துக்கும் தோப்புக்கும் நடுவில் எங்கோ வழி தெரியாமல் விழுந்திருக்கும். மாமாவுக்கு என் பதில் இதுதான்: மூளையை ஆராயாமல் இருந்திருந்தால், செத்த ஈ இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் ஓடிப்போனது என்றுதான் நாமும் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017இல் மூன்று நாடுகளில் வயலிலேயே செய்த பெரிய ஆய்வில் இங்கிலாந்திலும் ஹங்கேரியிலும் தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன, ஜெர்மனியில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. சுற்றி வேறு பூக்கள் எவ்வளவு, கூட்டம் ஏற்கெனவே எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் 2018இல் தடை செய்தது. இந்த ஆய்வுகள் எல்லாம் இத்தாலியத் தேனீயின் இனத்தில் நடந்தவை, நம் அடுக்குத்தேனீயில் செய்தவை மிகக் குறைவு. டெல்டாவில், சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் விதைத்த உளுந்துக்கு நடுவே அடுக்குத்தேனீ எப்படி நடந்துகொள்கிறது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் அடுக்குத்தேனீயைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயம் உங்களுக்கு நேரடியாக உதவும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, 2020இல் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ மூன்றின் ஆட்டத்தையும் ஒப்பிட்டார்கள். அடுக்குத்தேனீதான் மூன்றிலும் குறைந்த தூரம் போவது, பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள். நீங்கள் பேச வேண்டிய வயல்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், பத்துப் பதினைந்து வீடு வருமா? பூத்திருக்கும்போது அடிக்காதீர்கள், அடித்தே ஆக வேண்டுமானால் சாயங்காலம் ஈ அடைந்த பிறகு அடியுங்கள், முதல்நாள் ஒரு போன் பண்ணுங்கள், இவ்வளவுதான் கேட்க வேண்டும். வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகத்தை அடுத்த வருடம் விதைத்தால் வயல்காரருக்கும் மருந்துச் செலவு குறையும். முதலில் அந்தச் செலவைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள், தேனீ அப்புறம் வரட்டும்.

இத்தாலியத் தேனீக்கு இப்போது மாற வேண்டாம். தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி அடுக்குத்தேனீயிலிருந்துதான் அதற்குத் தாவியது. அடுக்குத்தேனீ உண்ணியை உடம்பிலிருந்து தட்டிவிட்டுச் சமாளித்துக்கொள்ளும், இத்தாலியத்துக்கு அந்தத் திறமை குறைவு. அடுக்குத்தேனீக்கும் கஷ்டகாலம் வந்ததுண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவி, புழுக்கள் தண்ணீர்ப் பை போல உப்பிச் செத்து, பெட்டி பெட்டியாகக் காலியாயின. அதிலிருந்து மீண்டு வந்த இனம் இது.

இப்போது அவசரம் வேறு. மூத்த ஈக்கள் குறைந்தால் உள்ளே புழுவுக்கு ஊட்ட வேண்டிய இளம் ஈக்கள் வயசுக்கு முன்னால் வெளியே போக ஆரம்பிக்கும். அப்படிப் போகிறவை சில நடைதான் போய்வரும், சீக்கிரம் சாகும், கூட்டம் இன்னும் இளைக்கும். இதையும் 2015இல் ஆஸ்திரேலியாவில் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கே சாயங்காலம் அந்த மூன்று பெட்டிக்கும் சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து வையுங்கள். வாசலைச் சின்னதாக்குங்கள். ஈ உட்காராத அடைகளை எடுத்து மெழுகு அந்துப்பூச்சி படாமல் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் கழித்து மூடியிட்ட புழு அறைகள் எத்தனை இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா