வஞ்சகம் நின்றால் சரணுக்கு என்ன மதிப்பு? பிலிப்பைன்ஸ் கொலை மேல்முறையீடுகள்: கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்த நாட்டின் திருத்திய தண்டனைச் சட்டம் 1932-இல் அமலுக்கு வந்தது, வேர் ஸ்பானியச் சட்டத்தில் இருக்கிறது. தாக்கப்பட்டவர் தற்காக்க முடியாதபடி தேர்ந்தெடுத்த முறையில் தாக்குவதே வஞ்சகம், அதை அவர்கள் 'அலெவோசியா' என்கிறார்கள். அது இருந்தால் சாதாரணக் கொலை (ஹோமிசைட்) கடுமையான கொலை (மர்டர்) ஆகிவிடும். கொன்றவர் தானாகச் சரணடைவது தண்டனையைக் குறைக்கும் ஒரு சூழ்நிலை.

கேள்வி: அக்கா, எதிர்பாராத நேரத்தில் திடீரென்று குத்தினாலே வஞ்சகம்தானே?

இல்லை தம்பி. மேல்முறையீட்டில் அதிகமாக அடிபடுவது இந்த எண்ணம்தான். 14-ஆம் பிரிவின் 16-ஆம் பத்தியை நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன. தாக்கப்பட்டவருக்குத் தற்காக்கவோ திருப்பி அடிக்கவோ வாய்ப்பே இல்லாத முறையில் தாக்குதல் நடந்திருக்க வேண்டும். அந்த முறையைத் தாக்கியவர் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும். குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வாய்த்தகராறு முற்றி ஒருவர் கத்தியை எடுத்தார் என்றால் தாக்குதல் திடீரென்று நடந்ததுதான், ஆனால் அங்கே திட்டமிட்ட தேர்வு இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சாட்சியில் இருக்கிறது. தாக்குதல் எப்படித் தொடங்கியது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும். அலறல் கேட்டு ஓடிவந்து இரண்டாவது குத்தை மட்டும் பார்த்த சாட்சியை வைத்துக் கொலையை நிரூபிக்கலாம், வஞ்சகத்தை நிரூபிப்பது கடினம். அதை ஊகித்துச் சேர்க்க முடியாது. கொலையை எவ்வளவு உறுதியாக நிரூபிக்கிறார்களோ அதே உறுதியோடு இதையும் நிரூபிக்க வேண்டும். நான் ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்தத் தொடக்கத்தை யார் பார்த்தார் என்பதைத்தான்.

கேள்வி: முகத்துக்கு நேரே வந்து தாக்கினால் வஞ்சகம் ஆகாதா?

ஆகலாம். நேருக்கு நேர் நின்றாலும், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சுட்டால் எதிரில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? தூங்குபவரைக் கொல்வது வஞ்சகம். குழந்தையைக் கொன்றால் அதற்குமேல் கேள்வியே இல்லை, குழந்தையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: கொன்றவர் நேராக பரங்காய் (உள்ளூர் நிர்வாகப் பகுதி) தலைவர் வீட்டுக்குப் போய் நின்றால் அது சரணடைதலா? போலீசிடம்தான் போக வேண்டுமா?

பரங்காய் தலைவரும் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்தான், அதனால் செல்லும். நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும். அதுவரை கைதாகியிருக்கக் கூடாது. அதிகாரியிடமோ அவருடைய முகவரிடமோ தன்னை ஒப்படைத்திருக்க வேண்டும். அதைத் தானாக, வற்புறுத்தல் இல்லாமல் செய்திருக்க வேண்டும். 'நான் செய்தேன்' என்ற ஒப்புதலோ, தன்னைத் தேடி அலையும் சிரமத்தை அரசுக்கு மிச்சப்படுத்தும் எண்ணமோ அதில் தெரிய வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் போலீஸ் நின்ற பிறகு கையைத் தூக்கி வெளியே வந்தால் அது சரண் ஆகாது. இறந்தவரின் உறவினர்களுக்குப் பயந்து ஸ்டேஷனில் ஒதுங்குவதும், 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்லப் போவதும் ஆகாது. ஆனால் பிடிவாரண்ட் பிறந்துவிட்டது என்பதற்காக மட்டுமே சரணை ஒதுக்கிவிட முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: சரி மேடம், வஞ்சகமும் நிரூபணம், சரணும் நிரூபணம். எத்தனை வருஷம் குறையும்?

ஒரு நாள்கூடக் குறையாது. இதைக் கேட்டுப் பலர் அதிர்ந்துபோகிறார்கள், அந்த அதிர்ச்சி நியாயமானதும்கூட.

காரணம் இதுதான். வஞ்சகம் சேர்ந்தால் வழக்கு 248-ஆம் பிரிவின் மர்டர். தண்டனை ரெக்லூசியோன் பெர்பெத்துவா என்ற நீண்ட காலச் சிறை முதல் மரணம் வரை. இரண்டுமே பகுதிகளாகப் பிரிக்க முடியாத தண்டனைகள். அப்படிப்பட்ட இடத்தில், தண்டனையைக் குறைக்கும் சூழ்நிலை இருந்து, கூட்டும் சூழ்நிலை வேறெதுவும் இல்லை என்றால், 63-ஆம் பிரிவுப்படி இரண்டில் சிறியதைக் கொடுப்பார்கள். வஞ்சகம் குற்றத்தையே மர்டர் ஆக்கப் பயன்பட்டுவிட்டதால் அதை மறுபடி எண்ணமாட்டார்கள். ஆக, கிடைப்பது ரெக்லூசியோன் பெர்பெத்துவா. சரணே இல்லாவிட்டாலும் அதேதான் கிடைத்திருக்கும்! மரண தண்டனையை 2006-இல் 9346-ஆம் சட்டம் தடை செய்த பிறகு சரணால் தப்பிக்க மேலே எதுவும் இல்லை. அதே சட்டம் பரோலையும் மறுக்கிறது.

இப்போது வஞ்சகம் விழுந்துவிட்டது, மர்டர் ஆக்கும் வேறு காரணமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு 249-ஆம் பிரிவின் ஹோமிசைட் ஆகிறது. தண்டனை 12 ஆண்டு 1 நாள் முதல் 20 ஆண்டு வரை, இதை மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். நீதிமன்றம் குறைந்தபட்சம், உச்சம் என்று இரண்டு வரம்பு விதிக்கும். தனியாக ஒரு சரண் இருந்தால் கீழ்ப்பகுதி, அதாவது உச்ச வரம்பு 12 ஆண்டு 1 நாளுக்கும் 14 ஆண்டு 8 மாதத்துக்கும் இடையில். குறைந்தபட்ச வரம்பை அடுத்த கீழ் தண்டனையான 6 ஆண்டு 1 நாள் முதல் 12 ஆண்டு வரையிலிருந்து எடுப்பார்கள், அதை முடித்தால் பரோல் கேட்கலாம். சரணுக்கு உயிர் வருவது இங்கேதான். அதனால் சரணை மட்டும் பிடித்துக்கொண்டு, வஞ்சகத்தைத் தொடாமல் எழுதும் மேல்முறையீட்டு மனு கட்சிக்காரருக்குப் பயன் தராது. வக்கீல்கள் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கேள்வி: கீழ் நீதிமன்றம் ஒத்துக்கொண்ட சாட்சியை மேலே மறுபடி எடைபோடுவார்களா?

சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் மதிப்பீட்டை எளிதில் மாற்றமாட்டார்கள். ஆனால் அதே சாட்சியத்தை அப்படியே நம்பிக்கொண்டு, 'இதில் வஞ்சகம் தெரியவில்லை' என்று சொல்லலாம். குற்றவியல் மேல்முறையீட்டில் வழக்கு முழுவதும் திறக்கப்படுகிறது. கீழ்க்கோர்ட்டில் ஹோமிசைட் என்று தப்பித்தவர் மேலே போய் மர்டர் ஆகும் ஆபத்தும் அதில் உண்டு. 2004-இன் மத்தேயோ தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பெரிய தண்டனை வழக்குகள் முதலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கடந்துதான் உச்ச நீதிமன்றம் போகின்றன.

கேள்வி: குற்றப்பத்திரிகையில் 'வஞ்சகத்தோடு' என்று எழுதினால் போதுமா?

2019-இன் சோலார் தீர்ப்பு போதாது என்கிறது. எப்படித் தாக்கினார், ஏன் அது வஞ்சகம் என்பதை உண்மைகளாக எழுத வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபிக்காமல் விசாரணையை முடித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

கேள்வி: மர்டர் ஹோமிசைட் ஆனால் இறந்தவர் குடும்பத்துக்கு என்ன மாறும்?

இழப்பீடு மாறும். 2016-இன் ஹுகெத்தா தீர்ப்பு வகுத்த அளவுப்படி, ரெக்லூசியோன் பெர்பெத்துவா விதிக்கும் மர்டரில் உயிரிழப்புக்கு, மன வேதனைக்கு, முன்மாதிரி இழப்பீட்டுக்கு (பிறருக்குப் பாடமாக விதிப்பது) என்று தலா 75,000 பெசோ. ஹோமிசைட் என்றால் முதல் இரண்டும் தலா 50,000. ரசீது இல்லாத அடக்கச் செலவுக்கு இரண்டிலும் 50,000. எல்லாவற்றுக்கும் தீர்ப்பு இறுதியான நாளிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. சாட்சி தாக்குதலின் தொடக்கத்தைப் பார்க்கவில்லை என்பதற்காகத் தண்டனையும் குறைந்து இந்தப் பணமும் குறையும்போது, அந்தக் குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து காரணத்தை விளக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கையில் தீர்ப்பின் நகல் மட்டும்தான் வந்து சேருகிறது.

கேள்வி: இரண்டு பேர் சேர்ந்து கொன்று ஒருவர் மட்டும் சரணடைந்தால்?

சரண் அவருக்கு மட்டும்தான். கூட்டுச்சதி நிரூபணமானால் வஞ்சகம் இருவருக்கும்.