துணை வெளிநாட்டில், நான் சென்னையில்: விசா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒருவர் இங்கே, இன்னொருவர் கடல் கடந்து. நிச்சயமானவர்களும் இருக்கிறார்கள், வீட்டில் இன்னும் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி போய்வர வேண்டும், விசாவில் கறை படியக் கூடாது என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

*எனக்கு நிச்சயமானவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை செய்கிறார். ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை அங்கே இருந்தேன், 60 நாள் ஆகிவிட்டது. கையில் மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருக்கிறது. ஜூன் 20 போய் 45 நாள் தங்க ஆசை. ‘மீதி 30 நாள்தான்’ என்கிறார் டிராவல்ஸ்காரர். சரியா?*
— வாசகி, மடிப்பாக்கம்

சரியில்லை. நீங்கள் 45 நாளும் தங்கலாம்.

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அங்கே எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற அரையாண்டு கிடையாது. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். தினமும் ஒரு புதிய நாள் உள்ளே வரும், ஒரு பழைய நாள் வெளியே போய்விடும்.

என் மேசையில் இருக்கும் காலண்டரில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஜூன் 20 அன்று பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 23 வருகிறது. பழைய 60 நாளும் அதற்குள் அடங்கிவிடும். ஜூலை 8 வரை 19 புதிய நாள் சேரும், ஆக மொத்தம் 79. ஜூலை 9 முதல் கணக்கு மாறுகிறது. அன்று உங்கள் ஜனவரி 10 கணக்கிலிருந்து விழுந்துவிடும், அடுத்த நாள் ஜனவரி 11 விழும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, ஆகஸ்ட் 3 வரை 79-லேயே நிற்கும். இதே ஆள் ஏப்ரல் 15 அன்று போயிருந்தால் டிராவல்ஸ்காரர் சொன்னது சரி. மே 14 அன்று 90 நிறைந்து, அன்றே கிளம்ப வேண்டியிருக்கும்.

இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். நடுவில் பாரிஸோ ரோமோ போனாலும் அதே கணக்குதான், 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே 90. முக்கியமாக, விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் தங்கலாம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அங்கே 30 என்று இருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக எல்லையில் கைரேகையும் முகமும் பதிந்து, தங்கும் நாட்களை இயந்திரமே எண்ணத் தொடங்கிவிட்டது. ‘முத்திரை மங்கலாக இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்ற பழைய தைரியம் இனி வேண்டாம். ஐரோப்பிய ஆணையமே இணையத்தில் ஒரு கணக்கி வைத்திருக்கிறது. தேதிகளைப் போட்டு, வந்த விடையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென ஒரு தளர்வு வந்தது. முந்தைய மூன்று வருடத்தில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருட மல்டிபிள் விசா கிடைக்கும். பாஸ்போர்ட் ஆயுள் இருந்தால் அதற்கடுத்து ஐந்து வருடம். அடிக்கடி போகிறவர்களுக்கு இது பெரிய வரம். அதனால்தான் முதல் இரண்டு பயணத்திலும் ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

*மேடம், வருகிற தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். அவர் டல்லஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அதற்குள் ஒருமுறை போய்ப் பார்க்க பி1/பி2 வருகையாளர் விசா போடுகிறேன். ‘மாப்பிள்ளை அங்கே இருக்கிறார் என்று வாயைத் திறக்காதே, சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்’ என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?*
— வாசகி, அண்ணாநகர்

அந்த ஏஜென்டை மாற்றுங்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இந்த ஒரு ஆலோசனை எத்தனை பெண்களின் பாஸ்போர்ட்டைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பெற்றோர் தவிர நெருங்கிய உறவினர் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி உண்டு. அந்த ‘நெருங்கிய உறவினர்’ என்பதற்குள் நிச்சயமானவரும் அடக்கம் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. அதில் ‘இல்லை’ என்று தட்டினால் அது பொய்த் தகவல். பொய் சொல்லி விசா வாங்க முயன்றதாக முடிவானால் ஆயுள் முழுக்கத் தடை வரலாம். நாளைக்குக் கல்யாணமாகி எச்-4 (எச்-1பியில் இருப்பவரின் துணைக்கான விசா) போடும்போது அந்தப் பழைய படிவம் அதிகாரி முன்னால் திறந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பெயரும், அன்றைக்கு ‘இல்லை’ என்று சொன்னதும் அருகருகே இருக்கும்.

உண்மையைச் சொன்னால் ரிஜெக்ட் ஆகாதா? ஆகலாம். விசா கேட்டு வரும் எவரும் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் நினைக்கச் சொல்கிறது, இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் 214(பி) மறுப்பு நிரந்தரத் தடை இல்லை, நிலைமை மாறினால் மறுபடி போடலாம். கட்டிய 185 டாலர் திரும்ப வராது, அவ்வளவுதான். பொய்யால் வந்த கறைதான் எளிதில் போகாது.

உங்கள் நிலைமையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. தை மாதம் சென்னையில் கல்யாணம் என்பதே நீங்கள் திரும்பி வருவதற்கான காரணம். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரசீது, வேலை செய்யும் இடத்தில் லீவு அனுமதிக் கடிதம், இரண்டும் கையில் இருக்கட்டும். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் தூதரக கவுன்டர் முன்னால் நிற்கும்போது அதிகாரி காகிதத்தைக் கேட்காமலே போகலாம். அதனால் வாயால் சொல்லப் பழகுங்கள்: “எனக்கு நிச்சயமானவரைப் பார்க்க மூன்று வாரம் போகிறேன், தை மாதம் சென்னையில் எங்களுக்குக் கல்யாணம்.” இவ்வளவு போதும். ஐந்து மாதம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலையில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் லீவு கிடைக்கும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

விசா பத்து வருடம் கிடைத்தாலும், ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். வழக்கமாக ஆறு மாதம். இறங்கியதும் ஐ-94 பதிவில் எதுவரை தங்கலாம் என்று போட்டிருக்கும் தேதியை ஆன்லைனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிச்சயமானவர்களுக்கென்று இருக்கும், பலர் கேட்கும் கே-1 விசா உங்களுக்குப் பொருந்தாது. துணை அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் மட்டும்தான் அது.

*நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். அவள் லண்டனில் இருக்கிறாள், பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. மூன்று வருடமாக நான்தான் போய்ப் போய் வருகிறேன். வருடத்துக்கு 180 நாள் வரை போகலாம் என்கிறார்கள். எங்களுக்கு வேறு வழியே இல்லையா?*
— பெயர் வேண்டாம், அடையாறு

வழி இருக்கிறது. முதலில் அந்த 180 நாள் பேச்சு. ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் ஒரு பயணத்துக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். ‘வருடத்துக்கு 180’ என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அடுத்தடுத்து வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் விதி. அதனால் 170 நாளோடு நிறுத்திவிட்டேன், நான் பத்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே இருந்த நாளைவிட இங்கே இருந்த நாள் கூடுதல் என்று பாஸ்போர்ட்டே காட்ட வேண்டும்.

அடுத்தது முக்கியம். இங்கே உங்கள் உறவுக்குத் திருமண அங்கீகாரம் இல்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதைத் தரவில்லை. பிரிட்டனில் திருமணமாகாத துணை என்ற வகையிலேயே விசா உண்டு, ஆண் பெண் வேறுபாடு கிடையாது. இரண்டு வருடமாவது திருமணத்துக்கு நிகரான உறவில் இருந்திருக்க வேண்டும். சேர்ந்து குடியிருந்தே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2024 ஜனவரி 31 அன்று எடுத்துவிட்டார்கள். தூரத்திலேயே வாழ்ந்த உங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் ஏன் சேர்ந்து வாழ முடியவில்லை என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். மூன்று வருட போர்டிங் பாஸ், ஒருவருக்கொருவர் அனுப்பிய பணம், சேர்ந்து போன பயணங்களின் ரசீது எல்லாவற்றையும் வருடவாரியாக அடுக்குங்கள். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் வேண்டாம், மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். அவளுடைய வருட வருமானம் 29,000 பவுண்டாவது இருக்க வேண்டும், 2024 ஏப்ரல் முதல் இதுதான் அளவு.

பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை.

*சிங்கப்பூரில் ஆறு வருடம் வொர்க் பர்மிட்டில் கப்பல் பட்டறையில் இருந்தேன். இப்போது இரண்டு வருட மல்டிபிள் விசாவில் மாதாமாதம் போய் வருகிறேன். நான் விரும்பும் பெண் அங்கே பிஆர் (நிரந்தரவாசி). கல்யாணத்தைச் சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாமா?*
— வாசகர், எண்ணூர்

தம்பி, இப்போதே கேட்டது ரொம்ப நல்லது. வொர்க் பர்மிட்டில் இருப்பவர் மட்டுமில்லை, முன்பு இருந்தவரும் சிங்கப்பூர் குடிமகளையோ பிஆரையோ கல்யாணம் செய்ய அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். கல்யாணம் வடபழனி கோயிலில் நடந்தாலும் இதுதான். வாங்காமல் தாலி கட்டினால் நாட்டுக்குள் நுழையவே தடை விழும். தேதி குறிப்பதற்கு முன் இதை முடியுங்கள்.

மாதாமாதம் போவதைப் பற்றி: ஒவ்வொரு முறையும் 30 நாள் வரை கிடைக்கலாம், அது உரிமை இல்லை, அதிகாரியின் முடிவு. நாள் முடியும்போது எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் வரை போய்த் திரும்பி வந்து புதுப்பிக்கிற வேலை வேண்டாம்.

*என் மகளின் நண்பர் ஜெர்மன்காரர். எங்கள் வீட்டில் வந்து தங்கட்டும் என்று நாங்களே சொன்னோம். பதிவுத் திருமணமும் இங்கேயே செய்யலாம் என்று நினைக்கிறோம். இந்தியாவில் அவருக்கு என்ன விதி?*
— ஒரு தாய், மயிலாப்பூர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘நாங்களே சொன்னோம்’ என்ற அந்த ஒரு சொல் மனதை நிறைத்தது.

அவர் ஐந்து வருட இ-டூரிஸ்ட் விசா போடலாம், சென்னை விமான நிலையத்திலேயே இறங்கலாம். ஒரு தடவைக்குத் தொடர்ந்து 90 நாள், ஒரு காலண்டர் வருடத்துக்கு மொத்தம் 180 நாள். ஷெங்கன் மாதிரி உருளும் கணக்கு இல்லை, ஜனவரி 1 அன்று புதிதாகத் தொடங்கும்.

அவர் வந்து பெட்டியை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் என்று நினைத்து வீட்டுக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சாஸ்திரி பவன் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போகும்போதுதான் அது ஞாபகம் வரும்.

கல்யாணம் 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நடக்கும். இருவரில் ஒருவர் நோட்டீசுக்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருந்தால் போதும், உங்கள் மகள் இருக்கிறாள். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், கொடுத்த மூன்று மாதத்துக்குள் நடத்தி முடிக்க வேண்டும், மூன்று சாட்சி வேண்டும். அவர் திருமணமாகாதவர் என்ற சான்றிதழை ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வரச் சொல்லுங்கள். வந்த முதல் வாரமே நோட்டீஸ் கொடுத்தால் 90 நாளுக்குள் எல்லாம் அடங்கும், நான்காவது வாரம் யோசித்தால் மூச்சு முட்டும். திருமணம் பதிவாகி இரண்டு வருடம் ஆன பிறகு அவர் இங்கே நீண்ட காலம் தங்க உதவும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

*இரண்டு பேருக்கும் விசா இழுத்துக்கொண்டே போகிறது. எங்கேயாவது நடுவில் சந்திக்கலாமா?*
— வாசகர், தாம்பரம்

தாராளமாக. இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. உங்கள் துணை எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.