கருப்பு விழுங்கிய ஒளி – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஒளி பற்றிய கட்டுரையில், ஒரு பொருள் திருப்பி அனுப்பும் ஒளிதான் நாம் காணும் நிறம் என்று எழுதியிருந்தீர்கள். கருப்புப் பொருள் எல்லா ஒளியையும் உள்வாங்கிக்கொள்கிறது என்றால், அது கண்ணுக்கே தெரியக்கூடாதே? உள்ளே போன ஒளி என்னதான் ஆகிறது? இன்னொன்று, வெள்ளைக் கோப்பையைவிடக் கருப்புக் கோப்பையில் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும் என்கிறார்கள். உண்மையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கருப்பு எல்லா ஒளியையும் விழுங்குகிறது என்பது பாடப்புத்தகம் சௌகரியத்துக்காகச் சொல்வது. அச்சு மைகூடத் தன் மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கைந்து பங்கைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. வெள்ளைத் தாள் எண்பது பங்கு அனுப்பும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்குப் போட்ட அறைக்குள் 500 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் பிடித்த புத்தகத்தின் கருப்பு எழுத்து, அறைக்குள் கிடக்கும் வெள்ளைத் தாளைவிடப் பத்து மடங்குக்கும் மேலான ஒளியை அனுப்புகிறது. ஆனாலும் எழுத்து கருப்புதான், தாள் வெள்ளைதான். கண்ணுக்கு ஒளியை அளக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடத்தான் தெரியும். நிலாவின் தரையே தன் மேல் படும் வெயிலில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் வானம் இருட்டாக இருப்பதால் நமக்கு அது வெள்ளி நிலா.

2014-ல் அறிவிக்கப்பட்ட வான்டாபிளாக் என்ற பூச்சு 99.965 சதவீத ஒளியை விழுங்கியது. கசங்கிய தகட்டின் மேல் அது இருந்தால் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. தகட்டில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அந்த அளவுக்குப் போனாலும், சுற்றியிருப்பவை அதன் ஓரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, உள்ளே போன ஒளி? பெரும்பாலும் சூடாகிவிடுகிறது. ஒளியின் ஆற்றல் எலெக்ட்ரான்களுக்குப் போய், அங்கிருந்து அணுக்களின் அதிர்வாக மாறுகிறது. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அப்புறம்தான் சுவாரஸ்யம். சூடான பொருள் சும்மா இருப்பதில்லை, அந்த ஆற்றலைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரணச் சூட்டில் அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. நீங்களும் நானும் இந்த நிமிடம் அதை வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால், சுமார் 525 டிகிரி செல்சியஸில் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். இரும்பானாலும் கல்லானாலும் பீங்கானானாலும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். வெவ்வேறு பொருள்கள் ஒரே சூட்டில் சிவப்பதை 1792-ல் தாமஸ் வெட்ஜ்வுட் கவனித்து எழுதினார். புகழ்பெற்ற பீங்கான் தொழில் குடும்பத்துப் பிள்ளை. சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் கண்ணில் படாமல் இருக்குமா?

பீங்கான் என்றதும் ஒரு பழைய சோதனையைச் சொல்லியாக வேண்டும். கருப்பில் பூ வரைந்த வெள்ளைத் தட்டு ஒன்றைச் சூளையில் வைத்துச் செக்கச்சிவக்கக் காய்ச்சுகிறார்கள். வெளியே எடுத்து இருட்டறையில் பார்த்தால், கருப்புப் பூதான் பளிச்சென்று ஒளிவிடுகிறது. வெள்ளைப் பகுதி மங்கிக் கிடக்கிறது. 1859-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்க்காஃப் வகுத்த விதி இதுதான்: ஒரு பொருள் எந்த அலைநீளத்தை (ஒவ்வொரு நிற ஒளிக்கும் ஒரு அலைநீளம் உண்டு) நன்றாக விழுங்குகிறதோ, அதே அலைநீளத்தைச் சூடானதும் நன்றாக உமிழும். இதைவிட வேடிக்கை, தட்டு சூளைக்குள்ளேயே இருக்கும்போது நடக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சூடாக இருந்தால் அங்கே பூவே தெரியாது! வெள்ளைப் பகுதி குறைவாக உமிழ்கிறது, உண்மைதான். ஆனால் சூளைச் சுவரிலிருந்து வரும் ஒளியை அது அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் கூட்டினால் கருப்பும் வெள்ளையும் சரிக்குச் சரி.

சூளை இல்லையென்றால் மெழுகுவத்தி போதும். அதன் மஞ்சள் ஒளி கரித்துகள்களிலிருந்து வருவது. மஞ்சள் பகுதியில் ஒரு கரண்டியைச் சற்று நேரம் காட்டுங்கள், கருப்பாக அப்பிக்கொள்ளும். அத்தனை நேரம் வெளிச்சம் தந்துகொண்டிருந்தது அந்தக் கரிதான். சுடரின் அடியில் இருக்கும் நீலம் வேறு கதை. அது கரியின் வேலையில்லை, வாயு மூலக்கூறுகள் தங்களுக்கே உரிய அலைநீளங்களில் விடும் ஒளி. தனியாக எழுதுகிறேன்.

இனி உங்கள் கோப்பை. கருப்புதான் நன்றாக உமிழும் என்றால் கருப்புக் கோப்பைதானே முதலில் ஆற வேண்டும்? விதியில் ‘அதே அலைநீளம்’ என்று இருப்பதை மறந்துவிடக் கூடாது. வெந்நீர்க் கோப்பை வீசும் கதிரின் உச்சம் 8 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) அலைநீளத்துக்கு அருகில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி 0.4-லிருந்து 0.7 வரைதான். நமக்கு வெள்ளையாகத் தெரியும் பீங்கான், அகச்சிவப்பில் கிட்டத்தட்டக் கருப்பு. ஆகவே அறைக்குள் இரண்டு பீங்கான் கோப்பைகளும் ஒரே மாதிரிதான் ஆறும். வெயிலில் வைத்தீர்களானால் கருப்புக் கோப்பை வெயிலையும் வாங்கிக்கொண்டு இன்னும் மெதுவாக ஆறும். பளபளப்பான உலோகக் கோப்பை மட்டும் அகச்சிவப்பிலும் கண்ணாடி மாதிரிதான், விழுங்குவதும் குறைவு, உமிழ்வதும் குறைவு. அதன் வெளிப்பக்கம் சாதாரண பெயின்ட் அடித்துப் பாருங்கள். வெள்ளை அடித்தாலும் முன்பைவிடச் சீக்கிரம் ஆறும்.