ஐந்து பவுன் குதிரை

கேள்வி: அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்டுகளும் இத்தனை காலம் அடித்துக்கொண்டது கடவுளுக்காகத்தானா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கடவுள் பாவம், அவரை விட்டுவிடுங்கள். நிலத்துக்காக என்பேன் நான். 1607-ல் வடக்கே அல்ஸ்டர் பகுதியின் கத்தோலிக்கப் பிரபுக்கள் ஆங்கிலேய நெருக்கடி தாளாமல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள். மன்னர் முதலாம் ஜேம்ஸ் அவர்கள் நிலங்களைப் பறிமுதல் செய்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினார். டெரி என்ற ஊரை லண்டன் வணிகர் சங்கங்களிடம் ஒப்படைத்தார். 1613-ல் அது லண்டன்டெரி ஆயிற்று. என்னிடமுள்ள பழைய அட்லஸில் லண்டன்டெரி என்றுதான் இருக்கிறது. அந்த ஊர்க்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1690-ல் அயர்லாந்தின் பாய்ன் நதிக்கரையில், இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம், பதவியிழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வென்றார். பிறகு வந்த சட்டங்கள்தான் கொடுமை. 1695-ன் சட்டப்படி கத்தோலிக்கர் ஐந்து பவுனோ (நம் நகைப் பவுன் அல்ல, ஆங்கிலேயர் பணம்) அதற்கு மேலோ பெறுமானமுள்ள குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்திருந்தால், புராட்டஸ்டன்ட் ஒருவர் புகார் செய்து, ஐந்து பவுன் ஐந்து ஷில்லிங்கை நீட்டி, ஓட்டிக்கொண்டு போய்விடலாம்! 1704-ல் இன்னொன்று: கத்தோலிக்கரின் நிலம் எல்லா மகன்களுக்கும் துண்டாகும், மூத்தவன் மதம் மாறினால் முழுவதும் அவனுக்கே. தம்பிகள் என்ன நினைத்திருப்பார்கள்?

இன்னொரு வேடிக்கை: 1798-ல் ஆங்கில ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியின் முக்கியத் தலைவர் உல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டன்ட்.